மூனிக் பீர் விழாவும் தோட்டத்துக் கள்ளுக்கடையும்

ஹுத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்தோரின் பேரப் பிள்ளைகள் இன்று பொறியாளராகவும் கணக்காளராகவும் தாதியராகவும் பல நாடுகளில் பணி புரிகின்றனர். அவருட் சிலர் ஆண்டு விடுப்பைச் சேர்த்து வைத்து ஐரோப்பியப் பயணம் மேற்கொள்ளும்போது, ஜெர்மனியின் மூனிக் நகரில் நடைபெறும் அக்டோபர் விழாவையும் தம் திட்டத்திற் சேர்த்துக்கொள்கின்றனர். உலகிலேயே மிகப் பெரிய பீர் விழா அது. வீட்டுப் பெரியோர் இதனைக் கேட்டு முகஞ் சுளிப்பது இயல்பே. "குடிப்பதற்கா, தம்பி, கடல் கடந்து போகிறாய்? அதைத்தான் நம் தாத்தா தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே செய்தாரே" என்று பாட்டியர் கேட்பர். நகைச்சுவைபோல் தோன்றும் இக்கேள்வியில் வரலாற்றுக்குரிய வினா ஒன்று அடங்கியுள்ளது.

மூனிக் விழாவுக்கு 2023ஆம் ஆண்டில் வந்தவர் ஏறத்தாழ 72 இலட்சம் பேர். அவர்கள் உண்டு, குடித்து, பாடி, ஆடி, பின் தத்தம் தொழிலுக்குத் திரும்பினர். அந்நகரத்தாரைக் 'குடிகார இனம்' என்று எவரும் இழித்துரைப்பதில்லை. தகரக் கூரையிட்ட ஒரு சிறு கொட்டகையில் மாலைதோறும் கள் குடித்த தோட்டத் தொழிலாளியை மட்டும் 'குடித்தே கெட்டவன்' என்று துரைமாரும் எழுதினர், நம்மவரும் சொல்லினர். குடி இரண்டிடத்தும் உண்டு. பழி ஓரிடத்துக்கே வந்தது ஏன்? இதற்கு விடை காண இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலில் மூனிக். பவேரியா நாடு 1806ஆம் ஆண்டில்தான் முடியரசு என்னும் நிலை பெற்றது. அதன் முதல் மன்னர் மாக்சிமிலியன் யோசேப்பு. புதிதாகச் சேர்ந்த பகுதிகளையும் பழைய குடிமக்களையும் ஒரு நாட்டவராக ஒன்றுசேர்க்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. 1810 அக்டோபர் 12ஆம் நாள் பட்டத்து இளவரசர் லுட்விக், சாக்ஸ்-ஹில்ட்பர்க்ஹவுசன் குலத்து இளவரசி தெரேசாவை மணந்தார். திருமண மகிழ்ச்சியில் நகர மக்கள் அனைவரும் பங்கு கொண்டனர். ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 17ஆம் நாள், நகர வாயிலுக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. மணமகளின் பெயரால் அவ்வெளி 'தெரேசியன்வீசே', அதாவது தெரேசாவின் புல்வெளி, எனப் பெயர் பெற்றது. இன்றும் விழா அங்கேதான் நடைபெறுகின்றது. ஊரார் அதனைச் சுருக்கி 'வீசன்' என்பர்.

ஆக, விழாவின் தோற்றத்தில் முதன்மை பெற்றது குதிரையே ஒழியப் பீர் அன்று. மறு ஆண்டு, 1811இல், வேளாண்மைக் கண்காட்சி சேர்ந்தது. 1835இல் அரச இணையரின் வெள்ளி விழாவையொட்டி நாட்டுப்புற உடை ஊர்வலம் நடந்தது. பீர் விற்கும் சிறு கடைகள் மெல்ல மெல்லப் பெருகின. 1896இல்தான் மிகாயேல் ஷோட்டன்ஹாமல் என்பவர் பெருங்கொட்டகை அமைத்தார். குதிரைப் பந்தயம் 1938க்குப் பின் ஆண்டு நிகழ்ச்சியாக நிலைக்கவில்லை. திருமணம் மறைந்து, குதிரையும் மறைந்து, பீர் எஞ்சிற்று என்று கூறினால் தவறில்லை.

ஆயினும் அந்தப் பீர் கட்டுப்பாடின்றி ஓடிய பீர் அன்று. 1516ஆம் ஆண்டு பவேரியக் கோமகன் நான்காம் வில்லெல்ம், இங்கோல்ஸ்டாட் நகரில் ஒரு சட்டம் செய்தார். வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, தண்ணீர் ஆகிய மூன்றும் தவிர வேறொன்றும் பீரில் சேர்தல் ஆகாது என்பது அச்சட்டம். பலரும் இவ்வளவோடு நிறுத்திவிடுவர். அதே சட்டத்தின் முற்பகுதி பீரின் விலையை வரையறுக்கின்றது என்பதே நாம் ஊன்றி நோக்கத் தக்கது: குளிர்காலத்தில் ஒரு 'மாஸ்' அளவு பீர் ஒரு மூனிக் காசுக்கு மேல் விற்கக் கூடாது, கோடையில் இரண்டு காசுக்கு மேல் விற்கக் கூடாது. குடிப்பவனின் பையையும் வயிற்றையும் ஒரே ஆணை காத்தது. பின்னர் 1553இல் மற்றோர் ஆணை பிறந்தது. வெப்பத்தில் பீர் கெடுவதாலும் தீ விபத்து அஞ்சியும், ஏப்ரல் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரை பீர் காய்ச்சுதல் தடுக்கப்பட்டது. அதனால் மார்ச்சு மாதத்தில் சற்று வலிமை மிகுந்த பீர் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் வைத்துக் கோடை முழுவதும் பருகினர். புதிய பருவம் தொடங்குமுன் பழைய மிடாக்கள் ஒழிய வேண்டும். இலையுதிர் காலத்து விழாவுக்கு இந்த 'மார்ச்சுப் பீர்' வாய்ப்பாக அமைந்ததில் வியப்பில்லை.

விலை பற்றிய ஒரு நிகழ்ச்சியையும் ஈண்டுக் குறித்தல் தகும். 1810இல் மணமகனாக நின்ற அதே லுட்விக், 1825இல் மன்னரானார். 1844 மே மாதத் தொடக்கத்தில் மூனிக்கில் பீர் விலை உயர்ந்தது. மக்கள் வெகுண்டெழுந்து பீர்க் கடைகளை உடைத்தனர். அடக்க வேண்டிய படைவீரரும் மனமுவந்து முன்வரவில்லை. அவர்களும் பீர் குடிப்பவர்தாமே! முடிவில் மன்னர் விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. கலகம் செய்தல் நன்றென்று யாரும் கூறார். எனினும் குடிப்பவர் குரலுக்கு அரசு செவி சாய்த்தது என்பது மறக்கற்பாலதன்று. பின்னர் வரும் மற்றொரு நிகழ்ச்சியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி நம் பக்கம் வருவோம். முளைவிட்ட தானியத்தை இடித்துப் புளிக்கவைத்துப் பருகும் கலை ஜெர்மானியர்க்கே உரியது என்று எண்ணற்க. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியின் விருந்தைக் கூறுமிடத்து மதுச் சமைக்கும் முறையை வரிசையாகச் சொல்கின்றார். குற்றாத அரிசியைக் களியாக அட்டு, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, நெல் முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியச் சாடியில் முதிரவிட்டு, பின் அரித்தெடுத்த மது அது. வாற்கோதுமை முளைக்கு நெல் முளை, மிடாவுக்குச் சாடி. ஹாப்ஸ் பூ ஒன்றுதான் இல்லை. தமிழாசிரியர் இப்பகுதியை நடத்தும்போது பீர் காய்ச்சும் முறையை அருகில் வைத்துக் காட்டினால் மாணவர் மறவார்.

அந்த மது யாருக்கு வந்தது? வழிநடந்து வந்த பாணனுக்கு, விருந்தாக வந்தது. அதியமான் நெடுமானஞ்சி மாண்டபோது ஔவையார் பாடிய புறப்பாட்டிலும் கள் வருகின்றது; அங்கும் பகிர்ந்துண்ணுதலின் நினைவாகவே வருகின்றது. புகார் நகரத்து இந்திர விழா 28 நாள் நடந்தது என்று காப்பியங்கள் கூறும். விழாவுக்குக் கால்கோள் உண்டு, முடிவும் உண்டு. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்ததும் இதே தமிழ்ச் சமுதாயத்திலேதான். ஆதலால் பழந்தமிழர் குடித்தனர் என்பதும் உண்மை; குடியின் கேட்டை உணர்ந்து கடிந்தனர் என்பதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது புலமைக்கு அழகன்று.

அப்பழைய முறையில் குடிக்கு இயற்கையே ஓரளவு வரம்பு கட்டியிருந்தது. பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு. பருவம் கழிந்தால் பாளை வற்றும். அறுவடை, காவல் தெய்வத்துக்குக் கொடை, திருமணம், சாவு என்று குடிக்கு நாளும் இடமும் இருந்தன. மலேசியத் தோட்டங்களில் முனியாண்டிக்குச் சுருட்டோடு கள் வைத்துப் படைத்ததும், கள் மறைந்த பின் பீர்ப் புட்டி வைப்பதும் அம்மரபின் எச்சமே. ஆண்டுக்கொரு முறை தெய்வத்துக்கு முன் வைக்கும் குவளையால் லயம் கெட்டதாக யாரும் கூறக் கேட்டதில்லை.

தமிழன் கப்பலேறி மலாயா வந்தபோது இந்த வரம்புகள் யாவும் ஊரிலேயே நின்றுவிட்டன. கீழ்ப் பேராக்கின் கடலோரம் தென்னைக்குப் பெயர் பெற்றது. பெர்ணம் ஆற்றின் இக்கரையில் ஹுத்தான் மெலிந்தாங்கும் அக்கரையில் சிலாங்கூரின் சபாக் பெர்ணமும் உள்ளன. பாகான் டத்தோ வரையும் தென்னந்தோப்புகள் பரந்து கிடந்தன. 1906இல் டென்மார்க்குப் பொறியாளர் ஆகெ வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டாரத்தா தோட்டமும் இவ்வட்டாரத்ததே. கித்தாவும் தென்னையும் பின்னர் செம்பனையும் இங்கு வளர்ந்தன. பனையைப்போல் தென்னைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் பாளை விடும். பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் நுனியைச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டால் சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இனிப்பான பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். அதே சாற்றைக் காய்ச்சினால் மலாய்க்காரர் விரும்பும் 'குலா மலாக்கா' வெல்லம் கிடைக்கும். ஒரே பாளையிலிருந்து வெல்லமும் எடுக்கலாம், கள்ளும் எடுக்கலாம். தோட்டத்துக்கு எது வேண்டியிருந்தது என்பதே கேள்வி.

கள்ளுக்கு மற்றோர் இயல்பு உண்டு. அது மார்ச்சுப் பீரைப் போல் நிலவறையில் காத்திராது. மறுநாள் புளிக்கும்; அதற்கடுத்த நாட்களில் காடியாகும். இறக்கிய அன்றே விற்றாக வேண்டும். விற்ற அன்றே குடித்தாக வேண்டும். ஆதலால் கள்ளை விழாவுக்கென்று சேர்த்து வைக்க இயலாது, நாள்தோறும் கடை திறப்பது கள்ளின் இயற்கையால் வந்தது என்று ஒருவர் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கடையை லயத்துக்கு நடக்கும் தொலைவில் வைத்தது தென்னை மரமா?

தோட்டத்துக் கள்ளுக்கடை தற்செயலாக முளைத்த பெட்டிக்கடை அன்று. அரசின் உரிமம் பெற்றுத் தோட்ட நிர்வாகம் நடத்திய அமைப்பு அது. கடையின் ஆதாயம் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும் என்பது விதி. காகிதத்தில் படிக்க நல்ல விதியே. விளைவு என்ன? கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் தீபாவளிக் கொண்டாட்டத்துக்கும் கள் நிதியை எதிர்நோக்கும் நிலை வந்தது. அப்பன் குடித்தால் அம்மனுக்குத் தேர் ஓடும். அப்பன் நிறுத்தினால் பிள்ளைக்குப் பந்து இல்லை. தொழிலாளிக்கு நன்மை செய்யும் கடமை நிர்வாகத்துக்கு உரியது. அந்நன்மையின் விலையைத் தொழிலாளியின் மாலைநேரக் கூலியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் திறமை இதில் வெளிப்படுகின்றது.

கூலி எவ்வளவு? 1920களின் இறுதியில் பொதுவான பகுதிகளுக்கு வகுத்த நியமக் கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930களின் வீழ்ச்சிக் காலத்தில் அதுவும் குறைந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து, பிற்பகலில் ஓயும் உடம்புக்கு அந்த வட்டாரத்தில் இருந்த பொழுதுபோக்கு எது? நூல்நிலையம் இல்லை, சங்கம் வைக்க உரிமை இல்லை, வெளியிலிருந்து உறவினர் வருவதற்கே துரையின் இசைவு வேண்டும். திறந்திருந்த ஒரே கதவு கள்ளுக்கடைக் கதவு. 'கள்ளில் பி உயிர்ச்சத்து உண்டு. கள் இல்லாவிடின் களவாகக் காய்ச்சிய சாராயத்தைக் குடிப்பர்' என்று தோட்ட முதலாளிமார் தரப்பில் வாதம் செய்தனர். கள்ளில் அச்சத்து இருப்பது மெய்யே. தவிடு நீங்காத புழுங்கலரிசியிலும் காயிலும் கீரையிலும் அது உண்டு. அவற்றைக் கொடுக்க உரிமம் வேண்டியதில்லை.

கடையிலிருந்து வீடு திரும்பும் பாதையில் நடந்தவற்றை விரித்துரைக்க வேண்டா. அவற்றை அறிந்த பெண்கள் தோட்டந்தோறும் இருந்தனர். கணவனுக்கு இணையாகப் பால் வெட்டி, பத்துக் காசு குறைவாகக் கூலி வாங்கி, அந்தக் கூலியையும் சம்பள நாளில் மறைத்து வைக்க வேண்டிய நிலையில் அவர்கள் வாழ்ந்தனர். தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் திடீரென வராமற் போவதற்கும், சிலேட்டில்லாமல் வருவதற்கும் காரணம் தேட அந்நாளைய ஆசிரியர்கள் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை.

தமிழன் குடிக்குப் பிறந்தவன் என்றால், கடையை மூடு என்று அவனே கேட்டிருப்பானா? கேட்டான் என்பதே வரலாறு.

தாய்நாட்டில் 1921ஆம் ஆண்டு ஈ. வெ. ராமசாமிப் பெரியார், கள்ளுக்குப் பயன்படலாகாது என்று சேலத்தையடுத்த தாதம்பட்டியில் இருந்த தம் தோப்பின் 500 தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் அவர் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். தென்னையைப் பிள்ளையாக எண்ணும் நாட்டில் 500 மரங்களை வெட்டுதல் எளிய செயலா? வேறு வழியே இல்லையா என்று இன்று ஒருவர் கேட்கலாம். பதநீர் இறக்கியிருக்கலாமே என்றும் கூறலாம். அன்றைய வேகம் அத்தகையது. பின்னர் 1937 அக்டோபர் முதல் நாள் ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. மது வருவாய் இன்றி அரசு நடத்த இயலாது என்ற கூற்றுக்கு விடையாக 1939இல் விற்பனை வரி வந்தது. கருத்துகள் கப்பலில் வரத் தடை இல்லை. தமிழகத்துச் செய்தித்தாள்கள் மலாயாத் தோட்டங்களிலும் படிக்கப்பட்டன.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் அதில் முன்னணியில் நின்றனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, பெண்களைத் தொல்லைப்படுத்துவதை ஒழித்தல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்குதல் ஆகிய கோரிக்கைகளின் நடுவே மற்றொன்றும் இருந்தது: கள்ளுக்கடைகளை மூடுக. கூலி கேட்ட அதே வாய்தான் கடையை மூடவும் கேட்டது. மே மாதத்தில் நாதன் சிறைப்பட்டார். பின் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவிற்று, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். 1844இல் பீர் விலையைக் குறை என்று கடைகளை உடைத்த மூனிக் நகரத்தார்க்கு விலை குறைந்தது. 1941இல் கடையையே மூடு என்று கேட்ட கிள்ளான் தொழிலாளிக்குக் குண்டு கிடைத்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் வரலாற்று நூல் அரிது.

போர் முடிந்த பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடா மாநிலத்தில் தொண்டர் படை தோன்றியது. பீடோங்கையடுத்த ஹார்வார்ட் தோட்டத்தைச் சார்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். இளைஞர் அணிவகுத்து நின்றனர், குடிப்பவரை எச்சரித்தனர், கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். சில இடங்களில் அவர்கள் தண்டித்த முறை கடுமையானது, குடித்தவனை அவமானப்படுத்தித் திருத்த முடியும் என்று நம்பினர். அதனை ஏற்க இயலாது. எனினும் நோக்கம் தெளிவு. 1947 தொடக்கத்தில் காவற்படையோடு மோதல் நிகழ்ந்தது, பலர் கைதாயினர், இயக்கம் ஒடுக்கப்பட்டது. கடைகள் நின்றன.

கடைகள் மறைந்ததற்குப் பின்னாளில் வேறு காரணங்கள் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன; நிலம் நகரமாயிற்று; லயத்து மக்கள் வெளியேறினர். இதற்கிடையே 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறுகச் சேமித்த பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கிற்று. கையில் காசு தங்காத இனம் என்று பேர் வாங்கியவரே மாதந்தோறும் பங்குப் பணம் கட்டினர். கள் போன இடத்தில் மலிவான 'சம்சு' சாராயம் புகுந்த துயரத்தையும் கூறாதிருத்தல் முறையன்று. கள்ளைவிடப் பன்மடங்கு வலிமை உடைய அச்சரக்கு, சிறு புட்டிகளில், மளிகைக் கடை வரை வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதனை எதிர்த்து நெடுங்காலம் குரல் கொடுத்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் உயிரிழந்தபோது, அவருட் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். கடின உழைப்பும் குறைந்த கூலியும் தனிமையும் எங்கு உண்டோ அங்கு அச்சரக்கு வழி கண்டுபிடித்துவிடுகின்றது. மொழியும் இனமும் மாறினாலும் அது மாறவில்லை.

இவ்வளவும் அறிந்த இளைஞர் ஒருவர், அறிந்த பின்னும் மூனிக் செல்ல விரும்பினால், தடுப்பதற்கு ஒன்றுமில்லை. செல்வோர் அறிய வேண்டிய சில செய்திகள் உண்டு. பெயர் அக்டோபர் விழாவாயினும், நல்ல வெயிலுக்காகத் தொடக்கம் செப்டம்பருக்கு மாற்றப்பட்டு நெடுங்காலமாயிற்று. செப்டம்பர் 15க்குப் பின் வரும் சனிக்கிழமை தொடங்கி, அக்டோபர் முதல் ஞாயிறு முடியும். அந்த ஞாயிறு முதல் தேதியிலோ இரண்டாம் தேதியிலோ வந்தால், ஜெர்மானிய ஒருமைப்பாட்டு நாளாகிய அக்டோபர் 3 வரை நீளும். அக்டோபர் நடுவில் பயணச்சீட்டு வாங்கிச் சென்று வெறுந் திடலைக் கண்டு திரும்புவோர் கதையும் உண்டு. தொடக்க நாள் நண்பகலில் நகரத் தலைவர் முதல் மிடாவுக்குக் குழாய் அடித்துத் திறப்பார்; 1950 முதல் இது வழக்கம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்புற உடை ஊர்வலம். குடியில் நாட்டமில்லாதவருக்கும் பார்க்கத் தக்கது அதுவே.

திடலுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மூனிக் நகரத்து ஆறு ஆலைகளின் பீர் மட்டுமே அங்கு விற்கலாம். குவளை ஒரு லிட்டர். 2025இல் அதன் விலை ஏறத்தாழ 15 யூரோ. இடம் கிடைத்து அமர்ந்தவருக்கே பீர் தருவர். முன்பதிவு செய்வோர் அந்தந்தக் கூடாரத்தாரிடம் நேரடியாக, பல மாதங்களுக்கு முன்பே செய்தல் வேண்டும். பெரும்பாலும் எட்டு அல்லது பத்துப் பேருக்கு ஒரு மேசை என்பது கணக்கு. உணவு, பீருக்கான சீட்டுகளை முன்னதாகவே வாங்க வேண்டும். தனியே செல்வோர் வாரநாளில் முற்பகலிலேயே சென்றால் பொது இருக்கையில் இடம் பெறலாம். விடுதி வாடகை அந்நாட்களில் பன்மடங்கு உயரும். அருகிலுள்ள சிற்றூர்களில் தங்கி ரயிலில் வருவோர் பலர். செவ்வாய்க்கிழமை குடும்ப நாள். 2010இல் 200ஆம் ஆண்டு நிறைவையொட்டித் தோன்றிய 'பழைய வீசன்' பகுதியில் முற்கால இசையும் இராட்டினங்களும் உண்டு. பெரிய பைகளை உள்ளே விடார். 1980 செப்டம்பர் 26ஆம் நாள் இரவு வாயிலருகே வெடித்த குண்டு, வைத்தவனோடு 13 பேரைக் கொன்றது. அந்நினைவு அவ்வூராருக்கு இன்னும் ஆறவில்லை.

விழாவில் குடித்து நினைவிழந்து புல்மேட்டில் கிடப்பாரை ஜெர்மானியர் தம் மொழியில் 'பீர்ப் பிணங்கள்' என்பர். அவர்களைத் தூக்கிச் செல்ல மருத்துவத் தொண்டர் படை காத்திருக்கும். சாதாரணப் பீரைவிட வலிமை மிகுந்ததாகையால், ஒரு லிட்டர் குவளையை நம் ஊர்க் குவளையோடு ஒப்பிடுதல் ஆகாது. ஆக, அங்கும் எல்லாரும் அளவறிந்து குடிப்பவர் அல்லர். அங்கே நாளுக்கு ஒரு கணக்கு உண்டு. மணிக்கும் ஒரு கணக்கு உண்டு. காலரா பரவிய 1854, 1873ஆம் ஆண்டுகளிலும், இரண்டு உலகப் போர்களின் காலத்திலும், கோவிட் தொற்றின் 2020, 2021ஆம் ஆண்டுகளிலும் விழா நின்றது. நகரம் அதனால் வாழாமற் போய்விடவில்லை. பெருங்கூடாரங்களில் இரவு 10.30 மணிக்குப் பீர் ஊற்றுவது நிற்கும். இறுதி ஞாயிறு இரவு பணியாளரும் விருந்தினரும் மேசைகளின் மேல் ஏறி நின்று, கையில் மத்தாப்பும் மெழுகுவத்தியும் ஏந்திப் பாடுவர். மறுநாள் காலை கூடாரங்களைப் பிரிக்கும் வேலை தொடங்கிவிடும்.